அப்டேட் மேல் நான்கு வழக்கு

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

நான்கு வருடமாக ஒரே ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் பெரிய அப்டேட் வந்தது, போட்டார். அன்று முதல் போன் சூடாகிறது. காலையில் முழுச் சார்ஜ் போட்டால் மதியத்தோடு சரி. 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமராவைத் திறந்தால் பட்டென்று அணைந்துவிடுகிறது. பொறுக்க முடியாமல், தம்பியின் பேச்சைக் கேட்டு, போன், விண்டோஸ் லேப்டாப், வைஃபை ரவுட்டர் மூன்றிலும் தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிட்டார். இப்போது வங்கி ஆப், புதிய பதிப்பைப் போட்டால்தான் திறப்பேன் என்கிறது.

போன மாதம் டிவியிலும் பிரச்சினை. ஏழு வருடம் ஓடிய டிவி. சந்தா கட்டிப் பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஆப் 'இந்தச் சாதனத்தில் இனி இயங்காது' என்று சொல்லிவிட்டது. தம்பி அந்த ஆப்பின் பழைய பதிப்பு என்று ஓர் ஏபிகே கோப்பை (ஸ்டோர் வழியாகப் போகாமல் ஆப்பை நேரடியாகப் போடும் கோப்பு) அனுப்பி, டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு அதைப் போடச் சொல்லியிருக்கிறார். அதுவரை லேப்டாப்பில் பார்க்கலாம் என்றால், 4கே திட்டத்துக்குப் பணம் கட்டியும் படம் மங்கல். கடைசியாக, மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆன்லைன் ஸ்டோரில் 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தி வாங்கிய படம் பட்டியலிலிருந்து காணாமல் போய்விட்டது. அதுவும் ஏதோ ஓர் அப்டேட்டின் வேலைதான் என்று நினைக்கிறார். "இனி அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? இவர்கள் மேல் வழக்குப் போட முடியுமா?" என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு தொல்லைகளுக்கும் ஒரே குற்றவாளியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் போனில் பேட்டரி, டிவியில் வயது, லேப்டாப்பில் காப்புப் பூட்டு (படத்தைப் பதிவுசெய்து திருடாமல் தடுக்கும் ஏற்பாடு), படத்தில் ஒப்பந்தம் என்று நான்கும் நான்கு காரணம். அப்டேட்டுக்குப் பங்கு இருப்பது முதல் ஒன்றில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான்.

விளக்கத்துக்கு முன், இன்றைக்கே செய்ய வேண்டிய மூன்று வேலைகள். லேப்டாப்பிலும் ரவுட்டரிலும் தானியங்கி அப்டேட்டைத் திரும்ப இயக்குங்கள். அந்த ஏபிகே கோப்பை அழித்துவிடுங்கள். டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். இந்த மூன்றாவது ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். தம்பி நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைகளில் அதுதான் ஆபத்தானது.

போன்: முதலில் பேட்டரியைப் பாருங்கள்

பெரிய பதிப்பு அப்டேட் போட்டதும் இரண்டு மூன்று நாள் போன் சூடாவது இயல்பு. எல்லா ஆப்களையும் புதிய பதிப்புக்கு ஏற்றபடி உள்ளே மறுபடி தொகுக்கும். படங்களையும் கோப்புகளையும் தேடலுக்காகப் புதிதாக வரிசைப்படுத்தும். ஒரு வாரத்துக்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதமாகிறது. எனவே இது வேறு.

30 சதவீதத்தில் அணைவதுதான் துப்பு. லித்தியம் பேட்டரி பழசாகும்போது கொள்ளளவு மட்டும் குறைவதில்லை. அதன் உள் மின்தடையும் ஏறுகிறது. கேமராவைத் திறந்த நொடியில் பிராசசர், திரை, சென்சார் எல்லாம் சேர்ந்து திடீரென்று அதிக மின்சாரத்தை இழுக்கும். பழைய பேட்டரியால் அந்த இழுப்பைத் தாங்க முடியாமல் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். திரையில் தெரியும் 30 என்பது ஒரு கணிப்பு மட்டுமே. அந்தக் கணத்தில் பேட்டரியால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை அந்த எண் சொல்லாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 30 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் சார்ஜரைச் செருகிய நிலையில் கேமராவைத் திறந்து ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அதையே செய்யுங்கள். செருகியிருக்கும்போது ஓடி, பிடுங்கியதும் அணைந்தால் சந்தேகமே வேண்டாம், பேட்டரிதான்.

கணக்கும் அதையே சொல்கிறது. நாளுக்கு 70 சதவீதம் செலவழித்தால் நான்கு வருடத்தில் ஏறத்தாழ ஆயிரம் முழுச் சுற்றுகள் (மொத்தம் 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று) ஆகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, ஆப்பிள் ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரிகள் 500 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. 15இலிருந்துதான் அது 1,000 ஆனது. உங்கள் போனின் பேட்டரி தன் ஆயுளை வாழ்ந்து முடித்துவிட்டது.

அப்படியானால் அப்டேட் போட்ட அன்றே ஏன் ஆரம்பித்தது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. காக்கை கொஞ்சம் கனமாகவே உட்கார்ந்தது. புதிய பதிப்பு பெரும்பாலும் பழையதைவிடப் பிராசசரை அதிகம் வேலை வாங்கும். கீழே விழத் தயாராக இருந்த பேட்டரியை அது தள்ளிவிட்டது.

நிறுவனங்கள் மேல் சந்தேகப்படுவதும் ஆதாரமில்லாத சந்தேகம் அல்ல. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட், இதே திடீர் அணைப்பைத் தடுப்பதற்காகப் பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. பயனர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. டிசம்பரில் விஷயம் வெளியே வந்து ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3 வழியாகப் பேட்டரி நிலையைக் காட்டும் பகுதியையும், வேகக் குறைப்பை நிறுத்தும் வசதியையும் கொடுத்தது. பிரான்ஸ் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிரான்ஸ் குற்றமாகப் பார்த்தது பயனரிடம் சொல்லாமல் விட்டதை. அந்தப் போன்களுக்கும் மருந்தாக இருந்தது புதுப் பேட்டரிதான்.

ஆகவே வரிசை இப்படி: முதலில் ஒரு முறை ரீஸ்டார்ட். அடுத்து ஸ்டோரேஜ், குறைந்தது 10 சதவீதமாவது காலியாக இருக்கட்டும். ஃப்ளாஷ் நினைவகம் பழைய கட்டத்தை அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுதும். காலி இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் திணறும், போன் முழுவதும் மந்தமாகும். மூன்றாவது, எல்லா ஆப்களையும் அப்டேட் செய்யுங்கள். பழைய ஆப் புதிய ஆண்ட்ராய்டில் ஓடும்போதும் சூடு வரும். நான்காவது, நிறுவனத்தின் சேவை மையத்தில் பேட்டரி மாற்றுங்கள். பின்மூடி லேசாக எழும்பியிருந்தாலோ, போனை மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்குமேல் சார்ஜ் போடவே கூடாது. மூடியைத் திறந்து ஒட்டிய பிறகு, தண்ணீர் புகாது என்ற பழைய உத்தரவாதத்தை நம்ப வேண்டாம்.

பழைய ஆண்ட்ராய்டுக்கே திரும்பிப் போகலாமே என்று யாராவது சொல்லக்கூடும். பெரும்பாலான போன்களில் பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் பூட்டு இருக்கிறது. போனை இயக்கிவைக்கும் பூட்லோடர் என்ற மென்பொருளின் பூட்டைத் திறந்து வலுக்கட்டாயமாகச் செய்தால் போனிலுள்ள எல்லாம் அழியும், பல வங்கி ஆப்கள் ஓட மறுக்கும், ஸ்ட்ரீமிங் ஆப்களிலும் படத்தின் தரம் இறங்கிவிடக்கூடும். வேண்டாம்.

எதைத் தள்ளிப்போடலாம், எதைக் கூடாது

'அப்டேட்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சமாச்சாரம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை வரும் பதிப்பு அப்டேட். இதுதான் தோற்றத்தை மாற்றும், போனை வேலை வாங்கும். ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட். இது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது, ஆப் அப்டேட். நீங்கள் கோபப்பட்டது முதலாவதின் மேல். நிறுத்தியது மூன்றையும்.

பதிப்பு அப்டேட்டை இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுவதில் தவறே இல்லை. நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. முதல் வரிசையில் நிற்பவர் மேல்தான் முதல் கல் விழும். விண்டோஸில் அப்டேட்டை 5 வாரம் வரை தள்ளிவைக்கும் வசதி அமைப்பிலேயே இருக்கிறது.

பாதுகாப்பு அப்டேட் விஷயம் வேறு. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்தது. அதே ஓட்டை வழியாக மே 12 அன்று வானாக்ரை என்ற கிருமி புகுந்தது. சுமார் 150 நாடுகளில் கணினிகள் முடங்கின, கோப்புகளைத் திரும்பத் தரப் பணம் கேட்டார்கள். மருந்து இரண்டு மாதம் முன்பே வந்து கதவைத் தட்டியிருந்தது. ஓர் அப்டேட் வெளியான அன்றே, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது என்பதை மறக்காதீர்கள். போடாதவர் வீட்டு முகவரி அதில் எழுதியிருக்கிறது.

ரவுட்டரில் நிறுத்தியது பெரிய பிசகு. 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற கிருமி உலகெங்கும் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் அதுபோன்ற கருவிகளிலும் குடியேறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ரவுட்டருக்குத் திரை கிடையாது. அதற்கு உடம்பு சரியில்லை என்பது யார் கண்ணிலும் படாது. லேப்டாப்பில் இன்னொன்றையும் பாருங்கள்: அது விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மாற வழியில்லாத கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது.

வங்கி ஆப் உங்களை விரட்டவில்லை. பழைய பதிப்பில் ஓட்டை தெரிந்துவிட்டால், அதைச் சர்வரிலிருந்தே நிறுத்துவார்கள். பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் அப்டேட் செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பிலிருந்து ஒருபோதும் வேண்டாம்.

உங்கள் போன் இன்னும் எத்தனை நாள் பாதுகாப்பாக இருக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பகுதிக்குள் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தட்டினால், பாதுகாப்பு அப்டேட் தேதி தெரியும். புதிதாக எதுவும் வரவில்லை என்று போன் சொல்லியும் அந்தத் தேதி ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால், நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலின் ஆதரவு எப்போது முடிகிறது என்று தேடுங்கள். முடிந்திருந்தால் பேட்டரிக்குச் செலவு செய்வதற்கு முன் யோசியுங்கள்; அந்தப் போனைப் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம், வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் இந்தத் தேதியைக் கேளுங்கள். கூகுள் பிக்சல் 8க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கும் 7 வருட அப்டேட் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கு மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் ஐந்துதான் மிச்சம்.

டிவி: ரீசெட் பட்டனில் கை வைக்காதீர்கள்

டிவியின் திரைக்கு ஆயுள் பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும். அதற்குள் இருக்கும் சின்னக் கணினிக்கு அவ்வளவு இல்லை. டிவிகளில் போடும் பிராசசரும் நினைவகமும் பெரும்பாலும் அதே வருடத்துப் போனைவிடக் குறைவு. ஸ்ட்ரீமிங் நிறுவனமோ ஆப்பை வருடா வருடம் கனமாக்கிக்கொண்டே போகும். புதிய காப்புப் பூட்டு, புதிய வீடியோ வடிவம் என்று சேர்க்கும். ஒரு கட்டத்தில் பழைய மாடல்களுக்காகத் தனியாக எழுதிச் சோதிப்பதை விட்டுவிடும். 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் 2010, 2011ஆம் வருடத்துச் சாம்சங் டிவிகள் சிலவற்றிலும் பழைய ரோக்கு ஸ்ட்ரீமிங் பெட்டிகள் சிலவற்றிலும் நின்றது இப்படித்தான். உங்கள் டிவியைக் கெடுத்த அப்டேட் எதுவும் இல்லை. டிவிக்கு அப்டேட் வருவது நின்றுபோனதால் வந்த வினை இது.

ஆனாலும் கைவிடுவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, டிவியின் கடிகாரம். டிவி காட்டும் தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்க முடியாமல் எல்லா ஆப்களும் ஏதேதோ காரணம் சொல்லி மறுக்கும். செட்டிங்ஸில் தேதி, நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். இரண்டு, ரிமோட்டில் அணைப்பது உறங்கவைப்பதுதான். பிளக்கையே பிடுங்கி இரண்டு நிமிடம் கழித்துச் செருகுங்கள். உங்களுக்கு வந்த செய்தி 'இனி இயங்காது' என்று திட்டவட்டமாக இருப்பதால் இவற்றால் தீரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். செலவில்லாத சோதனை என்பதால் சொல்கிறேன்.

ஃபேக்டரி ரீசெட்டை ஏன் தடுக்கிறேன் என்றால், அது நீங்கள் போட்ட எல்லா ஆப்களையும் அழிக்கும். பழைய டிவியின் ஆப் ஸ்டோரில் அவற்றில் பல இப்போது பதிவிறக்கக் கிடைக்காது. இன்று ஒரு ஆப் ஓடவில்லை. ரீசெட்டுக்குப் பிறகு, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மற்ற ஆப்களும் சேர்ந்து போய்விடலாம். திரும்பி வர வழி இருக்காது.

ஏபிகே விஷயத்துக்கு வருவோம். டிவி ஆண்ட்ராய்டு அல்லாமல் சாம்சங்கின் டைசனிலோ எல்ஜியின் வெப்ஓஎஸ்ஸிலோ ஓடினால் அந்தக் கோப்பைப் போடவே முடியாது. ஆண்ட்ராய்டு டிவியாக இருந்து போட முடிந்தாலும், பழைய பதிப்பைச் சர்வர் உள்ளே விடாமல் போக வாய்ப்பு அதிகம். அதைவிடப் பெரிய கவலை, அந்தக் கோப்புக்குள் யார் எதைச் சொருகியிருக்கிறார்கள் என்பது. அதே கோப்பைத் தவறிப்போய்ப் போனில் திறந்து, அது கேட்கும் அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) அனுமதியைக் கொடுத்துவிட்டால், திரையில் வரும் ஓடிபி வரை எல்லாவற்றையும் படிக்கும்; உங்களுக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தும்.

சரியான வழி, டிவியின் பின்னால் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் அல்லது சின்னப் பெட்டி. திரை உங்களுடையதே, மூளை மட்டும் புதுசு. இதில் மக்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது மின்சாரம்: ஸ்டிக்கை டிவியின் யூஎஸ்பி துளையிலேயே செருகுவார்கள். பழைய யூஎஸ்பி துளை அரை ஆம்பியர் மட்டுமே கொடுக்கும். படம் நடுவில் நின்று ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் ஆகும். கூட வரும் அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். இரண்டாவது துளை: டிவி 4கே என்றால், எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் 4கே பாதுகாப்பு வீடியோவை ஏற்காமல் இருக்கலாம், எச்டிசிபி 2.2 (இந்தக் காப்புப் பூட்டின் பெயர்) என்று எழுதியிருக்கும் துளையை, எழுதியில்லாவிட்டால் கையேட்டைப் பார்த்து, தேர்ந்தெடுங்கள். சில டிவிகளில் அந்தத் துளைக்கு உயர்தரச் சிக்னல் அமைப்பைத் தனியாக இயக்கவும் வேண்டும். மூன்றாவது வைஃபை: டிவியின் முதுகுப் பக்கம் சிக்னல் பலவீனமாக இருக்கும், பெட்டியோடு வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பைத் தூக்கி எறியாமல் பயன்படுத்தினால் ஸ்டிக் கொஞ்சம் வெளியே வரும்.

ஸ்டிக் ஓடத் தொடங்கியதும், டிவியின் சொந்த வைஃபை இணைப்பை 'மற' என்று கொடுத்துத் துண்டியுங்கள். அப்டேட் வராத கணினியை இணையத்தில் விட்டுவைக்கக் காரணமே இல்லை. கூடுதல் லாபமும் உண்டு: பல ஸ்மார்ட் டிவிகள் திரையில் ஓடுவது என்ன என்று அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும், வெளியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக வரும் படம் உட்பட. அனுமதி கேட்காமல் இதைச் செய்ததற்காக டிவி தயாரிக்கும் விஜியோ நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது. இணையம் இல்லாத டிவி யாருக்கும் எதையும் சொல்லாது.

லேப்டாப்பில் மங்கல்

இது சுருக்கமானது. பதிவுசெய்து திருடுவதைத் தடுக்க, ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் சாதனத்தின் பாதுகாப்பு நிலையைப் பார்த்துத்தான் தரத்தைத் திறக்கும். வன்பொருளிலேயே பூட்டு இருந்தால் 4கே. மென்பொருள் பூட்டு மட்டும் என்றால் சேவையைப் பொறுத்து 480, 720, மிஞ்சினால் 1080 (படத்தில் எத்தனை வரிகள் என்ற கணக்கு; கூடக் கூடத் தெளிவு). லேப்டாப் பிரவுசர்கள் பல இந்த இரண்டாம் வகை. திட்டம் 4கே என்பதற்கும் சாதனத்துக்கு 4கே கிடைக்கும் என்பதற்கும் சம்பந்தமில்லை. வேகத்தையும் பாருங்கள்: நெட்ஃபிளிக்ஸ் 1080க்கு வினாடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 மெகாபிட் பரிந்துரைக்கிறது. டிவி சரியாகும் வரை சந்தாவைக் கீழ்த் திட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். லேப்டாப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது.

காணாமல் போன படமும் வழக்கும்

'வாங்கு' என்று எழுதியிருந்ததால் அது உங்கள் சொத்து என்று நம்பினீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்புவார்கள்; தவறு உங்களுடையது அல்ல. ஆனால் நீங்கள் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளின்படி அது பார்க்கும் உரிமம். ஸ்டோருக்கும் படத் தயாரிப்பாளருக்கும் இடையே இருக்கும் ஒப்பந்தம் அறுந்தால், உங்கள் உரிமமும் அறுந்துபோகும். 2009இல் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்களின் கிண்டில் வாசிப்புக் கருவிகளுக்குள்ளிருந்தே மின்னூல்களைத் தொலைவிலிருந்து அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது நூல்கள் மறைந்தன, பணம் திரும்பியது. இந்த 'வாங்கு' சொல்லின் மேல் சட்டமும் இப்போது கண் வைத்திருக்கிறது: 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில், தருவது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் அப்படி விற்கக் கூடாது.

சண்டைக்குப் போவதற்கு முன் படம் உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதிசெய்யுங்கள். வாங்கியபோது வந்த மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். எந்தக் கணக்கில் வாங்கியது என்பது அதில் இருக்கும். வீட்டில் வேறொருவர் கணக்கில் வாங்கியிருப்பது அடிக்கடி நடப்பது. ஸ்டோர் கணக்கின் நாட்டை இடையில் மாற்றினீர்களா? மாற்றினால் பழைய நாட்டில் வாங்கியவை மறையக்கூடும். வாங்கியவற்றை மறைத்துவைக்கும் அமைப்பு சில ஸ்டோர்களில் உண்டு. அதையும் திறந்து பாருங்கள்.

வழக்கைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். போனுக்கும் டிவிக்கும் உங்கள் தரப்பு பலவீனம். நான்கு வருடப் பேட்டரியும் ஏழு வருட டிவியும் உத்தரவாதக் காலத்தைக் கடந்தவை. 4கே விஷயத்தில், எந்தச் சாதனத்தில் கிடைக்கும் என்று உதவிப் பக்கத்தில் எழுதிவைத்திருப்பார்கள். படத்தில் மட்டும் உங்களுக்கு நியாயமான கோரிக்கை இருக்கிறது, ஆனால் அதையும் நீதிமன்றத்தில் தொடங்க வேண்டியதில்லை. மூன்று வருடம் ஆனதால் கார்டு நிறுவனம் வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் காலமும் கடந்திருக்கும். எழுத்தில் கேளுங்கள், சாட் பெட்டியில் அல்ல. இவ்வளவு போதும்:

"இந்த ஆர்டர் எண்ணில், இந்தத் தேதியில், 'வாங்கு' என்ற தேர்வின் மூலம் இந்தப் படத்துக்கு முழுத் தொகை செலுத்தினேன். ரசீது இணைத்துள்ளேன். இப்போது என் கணக்கில் படம் இல்லை, திரைப்பதிவு இணைத்துள்ளேன். எனக்கு முன்னறிவிப்பு வரவில்லை. படத்தை மீண்டும் அளியுங்கள், அல்லது 30 நாளுக்குள் முழுத் தொகையையும் நான் செலுத்திய வழியிலேயே திருப்பித் தாருங்கள்."

முன்னறிவிப்பு மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த வரியை எழுதுங்கள். ஸ்டோரின் கடனாக, அதாவது அடுத்த வாங்கலில் கழித்துக்கொள்ளும் தொகையாகத் தருகிறேன் என்பார்கள் பெரும்பாலும். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம், பணமாகக் கேட்பது பிசகில்லை. பதில் வராவிட்டால் உங்கள் நாட்டின் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் இந்தக் கடிதமே முதல் ஆவணம். அதுவரை கோபத்தில் அந்த ஸ்டோர் கணக்கை மூடிவிடாதீர்கள். மூடினால் நீங்கள் வாங்கியதற்கான பதிவும் அதோடு போய்விடும்.